ஓடாத வண்டியின் பூட்டுகள்

டிராக்டர் கிளம்பியதும் நடேசன் பின்னால் கொழுவியிருந்த கரவனின் தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் எதிர் இருக்கையின் அடிப்பலகையில் முட்டுக் கொடுத்துக்கொண்டான். வண்டி ஒருமுறை உலுக்கிவிட்டு முன்னே நகர்ந்தது. அவனுக்கு நேரே, சமையல் மேடைக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு இழுப்பு லாச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு கிலோ இரும்புத் துண்டுகளைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். டிராக்டரை ஓட்டிய யூசுஃப் கல் பதித்த முற்றத்தை இரண்டு முறை சுற்றுவான். மூன்றாவது சுற்றில் மூலையில் சடுதியாகத் திருப்பிப் பிரேக் போடுவான். எந்த லாச்சி வெளியே வருகிறது என்று பார்ப்பது நடேசனின் வேலை.

ஆள் ஏறிய கரவனை வீதியில் இழுத்துப்போவது குற்றம். முற்றத்துக்குள் அது முதலாளி பெட்டர்சனின் வழமை. விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துப்போகிற இந்த வீட்டு வண்டிகளை இலையுதிர்காலத்தில் பழையதாக வாங்கிப் பனிக்காலம் முழுக்கத் திருத்தி, ஈஸ்டருக்கு முன் விற்பது அவருடைய தொழில். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: மலைப்பாதை வளைவில் லாச்சிகள் திறந்து கத்தியும் கரண்டியும் தரையெல்லாம் சிதறின. பழைய வண்டிகளில் லாச்சி மரச் சட்டத்தின்மேல் உராய்ந்து ஓடும். ஈரம் பட்டால் ஊதி இறுகும், வெயிலில் காய்ந்தால் தளர்ந்து தானாக வெளியே வரும். அந்த வருடம் பெட்டர்சன் நைலோன் உருளை வைத்த இரும்புச் சட்டங்களையும், அமுக்கினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிற, மறுபடி அமுக்கினால் வெளியே வந்து கைப்பிடியாகிற பொத்தான் பூட்டுகளையும் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். எழுபத்தேழாம் ஆண்டு பெப்ரவரி முடிவதற்குள் நடேசன் இருபத்திரண்டு வண்டிகளுக்கு அவற்றைப் பூட்டிவிட்டான்.

பிரேக் விழுந்தது. நடேசனின் முதுகு அலுமாரிக் கதவில் மோதியது. சாக்குகள் உள்ளே தடதடத்தன. லாச்சி ஒன்றும் அசையவில்லை.

யூசுஃப் இறங்கி வந்து கதவைத் திறந்தான். இருவரும் பேசிக்கொண்டது இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஜெர்மன் மொழியில்.

"உயிரோடு இருக்கிறாயா?"

"ஒன்றும் திறக்கவில்லை."

"லாச்சியைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டேன்."

நடேசன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான். வண்டி வாங்க வருகிறவர்களிடம் லாச்சிகளைத் திறந்து காட்டுவதும் அவன்தான். அதற்கென்று பெட்டர்சன் ஒரு வசனத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். "ஓட்டத்துக்கு. பிரேக் போட்டாலும் திறக்காது." வேறெந்த ஜெர்மன் வசனமும் அவன் வாயில் இவ்வளவு சுத்தமாக வராது.

மத்தியானம் சாப்பிடப் பட்டறையின் பின்பக்கம் போனான். மரக்கொட்டிலுக்கும் கம்பி வேலிக்கும் இடையில் நின்ற பழைய கரவனில்தான் அவன் மனைவி சியாமளா இருந்தாள். கூரை ஓரம் துருப்பிடித்த, பதினாறு வருடப் பழைய வண்டி. உள்ளே எண்ணெய் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. சோறு வடித்த ஆவி யன்னல் கண்ணாடியில் நீராக வழிந்து, பலகை இடுக்குகளுக்குள் இறங்கியது.

சியாமளா ஜனவரி இரண்டாம் தேதி வந்தவள். கல்யாணம் முடித்து நாலு வருடம்; அதில் சேர்ந்திருந்தது அவன் விடுமுறையில் ஊருக்குப் போன நாற்பத்தொரு நாள். பார்வையாளராக மூன்று மாதம் தங்கலாம் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தது. அதற்குமேல் தங்க வேண்டுமென்றால் தகுந்த வீடு இருப்பதாகக் காட்டவேண்டும். நடேசன் இருந்தது ஓர் அறைக்கு நாலு பேரான ஆண்கள் விடுதியில். பதினொரு வீடுகளுக்குப் போனான். தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, வாசலில் அவனைக் கண்டதும் நேற்றே போய்விட்டதாக இருந்தது. கடைசியில் பெட்டர்சன்தான் இந்தக் கரவனைக் காட்டினார். வாடகை வேண்டாம், உள்ளே உள்ளதையெல்லாம் அவனே திருத்திக்கொள்ளவேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். வேறு வேலை தேடவும் வழியில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து அவனுடைய அனுமதி வருடத்துக்கு வருடம், பெட்டர்சனின் பட்டறைக்கு மட்டும் என்று எழுதித்தான் புதுப்பிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்குமேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் அதுவும் இல்லாமல் போகும்.

சனிக்கிழமை பாலச்சந்திரன் ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் வந்தார். துறைமுகத்தில் கப்பல் திருத்தும் இடத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறவர். அரசாங்கக் கடிதங்களை வாசித்துச் சொல்ல நடேசனுக்கு அவரை விட்டால் ஆளில்லை. கதவுக்குள் தலையைக் குனிந்து நுழைந்து, ஈரக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சியாமளா தங்குவதற்குப் போட்ட விண்ணப்பத்துக்கு மாவட்ட அலுவலகம் அனுப்பிய கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"என்ன எழுதியிருக்கினம் அண்ணை?"

"மார்ச் எட்டு, செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணிக்கு டெர்மீன் குடுத்திருக்கிறான். ஒரு ஆள் நேர வந்து வீட்டைப் பாக்குமாம்."

"வீட்டையோ?" என்று சியாமளா சுற்றும்முற்றும் பார்த்தாள். "எந்த வீட்டை?"

"சிரியாதை பிள்ளை. இதைத்தான் வீடெண்டு காட்டவேணும். 'இடம்பெயராததும், வருடம் முழுதும் குடியிருக்கத் தக்கதுமான வதிவிடம்.' அப்பிடித்தான் போட்டிருக்கிறான். ஓடுற வண்டி எண்டால் இல்லையாம்."

"இது ஓடி எத்தினையோ வருசம்" என்றான் நடேசன்.

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவனுக்குக் காட்டு. சில்லைக் கழட்டிக் கல்லில ஏத்து. தண்ணிக் குழாயைத் தரைக்குள்ளால கொண்டுவா. வாசலில படி கட்டு. ஒரு தபால் பெட்டியைப் பூட்டி உன்ரை பேரை எழுது. இஞ்சை ஜெர்மன்காரனுக்கு, தபால் பெட்டியில பேர் இல்லாதவன் மனிசனே இல்லை."

"அண்ணைக்கு எத்தினை தபால் பெட்டி?" என்றாள் சியாமளா.

"எனக்கு ஒண்டுதான். அதுக்குள்ள வாறது முழுக்கக் கடன்காரன்ரை கடிதம். அதாலை நானும் மனிசன்."

எல்லாம் செய்தார்கள். சில்லுகளைக் கழற்றிக் கொட்டிலில் அடுக்கினான். மூலைக்கு மூன்றாகப் பன்னிரண்டு சீமெந்துக் கற்களை வைத்து வண்டியை இறக்கினான். உறைந்திருந்த மண்ணை யூசுஃப் அலவாங்கால் குத்தித் தண்ணீர்க் குழாய்க்குக் கான் வெட்டிக் கொடுத்தான். வாசலில் இரண்டு படி. அதன் பக்கத்தில் பச்சைத் தகரத் தபால் பெட்டி. குடியிருப்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை மூன்றுதரம் கேட்ட பிறகு பெட்டர்சன் தட்டச்சில் அடித்துக் கொடுத்தார். "மறு அறிவித்தல் வரை" என்ற சொற்கள் அதில் இருந்தன.

"சில்லுகளைத் தொலைத்துவிடாதே" என்றார்.

லாச்சிகளை நடேசன் அதுவரை தொடவில்லை. மார்ச் முதலாம் தேதி மத்தியானம், ஆவியில் ஊதி இறுகியிருந்த மேல் லாச்சியைச் சியாமளா இரண்டு கையாலும் இழுத்தாள். அது மொத்தமாகக் கழன்று அவள் காலில் விழுந்தது. அவன் வந்து பார்த்தபோது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. தரையெல்லாம் மிளகாய்த்தூளும் வெந்தயமும். சீரகப் போத்தல் உடைந்து கிடந்தது. அவள் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்தபடி மிளகாய்த்தூளை ஒரு கடுதாசியால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"விடும், நான் கூட்டிறன். காலைக் காட்டும்."

"கால் கிடக்கட்டும். இந்தத் தூள் முடிஞ்சால் அம்மா கப்பலில அனுப்பித்தான் வரவேணும். அதுக்கிடையில நான் கப்பலில போயிடுவன் போல கிடக்கு."

அன்று வேலை முடிந்ததும் மரச் சட்டங்களைக் கழற்றி எறிந்துவிட்டு உருளைச் சட்டங்களைப் பூட்டினான். விரல் நுனியால் தொட்டாலே லாச்சி ஓடியது. சியாமளா நாலையும் மாறி மாறித் திறந்து மூடிப் பார்த்தாள். அடுத்த நாள் பனி உருகியது. மண் இளகி, வாசல் பக்கத்துக் கற்கள் இரண்டு விரற்கடை கீழே இறங்கின. அவள் வாசலருகே போனால் நாலு லாச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல ஓடி வெளியே வந்து நின்றன.

"பாருங்கோ" என்றாள். "அந்தாள் வந்து கால் வைக்க, நாலும் எழும்பி வந்து வணக்கம் சொல்லப்போகுது."

நடேசன் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கற்களுக்குக் கீழே பலகை கொடுத்தான். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. மறுநாள் காலையில் திரும்பவும் ஓரத்துக்குப் போயிருந்தது. மூன்று நாள் இதே வேலை. சரளைக்கல் போட்டு இறுக்கினாலொழிய நிற்காது என்றான் யூசுஃப். அதற்கு வண்டியை நகர்த்த வேண்டும். நகர்த்தச் சில்லுப் பூட்ட வேண்டும்.

ஐந்தாம் தேதி சனிக்கிழமை வந்த பாலச்சந்திரன் லாச்சிகளின் நடையைப் பார்த்துவிட்டு, "உதுக்கென்ன, ஒரு றப்பர் பட்டி காணும்" என்றார். "கைப்பிடியில கொழுவி விடு."

"வீடு பாக்க வாறவனுக்கு றப்பர் பட்டியைக் காட்டுறதோ அண்ணை?"

"அவன் லாச்சி பாக்கவோ வாறான்?"

"எல்லாத்தையும் பாப்பான். அண்ணைதானே சொன்னனீங்கள், தபால் பெட்டி வரைக்கும் பாப்பான் எண்டு."

நடேசனிடம் நாலு பொத்தான் பூட்டுகள் இருந்தன. இரண்டு சனிக்கிழமை கூடுதல் வேலைக்குக் கூலியாகப் பெட்டர்சன் கொடுத்தவை. பித்தளை வளையமும் தந்த நிறப் பொத்தானும் உள்ள புதிய வகை. விலை கூடிய வண்டிகளுக்கு மட்டுமே பூட்டுவது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் போனது. லாச்சி முகப்பில் காகித அச்சை ஒட்டி நடுவைக் குறித்தான். ஒட்டுப்பலகையின் மேல்தோல் பிளக்காதபடி பின்னால் ஒரு மரத்துண்டை வைத்து அழுத்திக்கொண்டு வட்டத் துளை போட்டான். விளிம்பை மணற்கடுதாசியால் தேய்த்தான். சியாமளா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"இஞ்சருங்கோ. ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"நான் லீவில வரேல்லை."

"அப்ப?"

"தபால் கந்தோர் வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்தனான்."

திருப்புளி திருகாணியின் தலையிலேயே நின்றது.

"மூண்டு மாசம் லீவு தந்தவை எண்டெல்லோ எழுதினனீர்."

"ஓம், எழுதினனான். கேட்டனான், தரேல்லை. போறதெண்டால் எழுதிக் குடுத்திட்டுப் போ எண்டாங்கள். உங்களுக்கு உள்ளதை எழுதியிருந்தால் வரவேண்டாம் எண்டிருப்பியள்."

"எண்டுதான் எழுதியிருப்பன்."

"அதுதான் எழுதேல்லை."

"பதினொரு வருச வேலை, சியாமளா."

"ஓம்."

"இனித் திருப்பி எடுப்பாங்களோ?"

"என்ரை கதிரையில மற்ற நாளே ஆள் இருந்திருக்கும்." அவள் அடுத்த திருகாணியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "போனால் அண்ணர் வீட்டிலதான் இருக்கவேணும். அண்ணி ஒரு சொல்லும் சொல்லமாட்டா. தட்டைக் கொண்டுவந்து முன்னால வைச்சிட்டுப் போவா. அதை நினைக்கத்தான்..."

அவன் திருகாணியை வாங்கி முறுக்கினான். நாலாவது பூட்டும் முடிந்ததும் அவள் நொண்டிக்கொண்டு இறங்கி வந்து பொத்தானை அமுக்கினாள். அது உள்ளே போய்ப் பலகையோடு சமமாக நின்றது. வாசலுக்குப் போய்க் குதித்துப் பார்த்தாள். ஒன்றும் ஓடி வரவில்லை.

"இப்ப வீடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அந்த அதிகாரி வந்துவிட்டார். பெயர் புரோக்மான். ஐம்பது வயதிருக்கும். படியில் சப்பாத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டு வந்தார். சியாமளா நீலச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, கறுத்த நகத்துக்கு மேல் காலுறை போட்டு நின்றாள். அவர் அவளுக்குக் கை கொடுத்தார். கையோடு கொண்டுவந்த அளவு நாடாவால் நீளம் அகலம் பார்த்தார். குழாயைத் திறந்தார், மூடினார். அடுப்பின் புகைக்குழாயைத் தொட்டார். வெளியே போய்க் குனிந்து சீமெந்துக் கற்களைப் பார்த்தார். தபால் பெட்டியின் பெயரை எழுத்துக் கூட்டித் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

"நிறைய வேலை செய்திருக்கிறீர்கள்" என்றார். நடேசன் அதை மெதுவாகச் சியாமளாவுக்குச் சொன்னான்.

கடைசியாகச் சமையல் மேடைக்கு வந்தார். மேல் லாச்சியை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். நடேசன் முன்னே வந்து பொத்தானை அமுக்கினான். அது துள்ளி வெளியே வந்தது. லாச்சி ஓசையில்லாமல் முழு நீளத்துக்கும் ஓடி நின்றது. உள்ளே சியாமளா கழுவித் துடைத்து அடுக்கிய போத்தல்கள்.

"ஆ" என்றார் புரோக்மான். முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "இது மிக அழகான வேலை. நீங்களே செய்ததா?"

"நான்தான்."

"எங்களிடமும் ஒரு கரவன் இருக்கிறது. ஒவ்வொரு கோடையும் மலையில் ஏறும்போது எல்லாம் தரையில். என் மனைவி என்னைத்தான் திட்டுவாள்." இரண்டாவது லாச்சியையும் தானே திறந்து மூடினார். "இது எதற்கு, இப்படி அமுக்கிப் பூட்டுவது?"

அந்தப் பனிக்காலத்தில் எத்தனையோ பேர் அவனிடம் கேட்ட கேள்வி அது. நடேசன் நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னான்.

"ஓட்டத்துக்கு. பிரேக் போட்டாலும் திறக்காது."

புரோக்மான் தலையாட்டினார். தாளில் எழுதப் போன பென்சில் நின்றது. அவர் லாச்சியைப் பார்த்தார். பிறகு யன்னல் வழியாகக் கொட்டிலைப் பார்த்தார். திறந்திருந்த கொட்டில் கதவுக்குள் சில்லுகள் அடுக்கியிருந்தது அங்கிருந்து தெரிந்தது.

"ஆனால் இந்த வண்டி ஓடாது என்றுதானே விண்ணப்பத்தில் இருக்கிறது?"

"ஓடாது. இது வீடு."

"அப்படியானால் புதிதாக ஏன் இதைப் பூட்டினீர்கள்?"

நடேசனுக்குச் சொல்லவேண்டியது தெரிந்தது, அதற்கு வேண்டிய ஜெர்மன் சொற்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. "ஓட்டத்துக்கு இல்லை. லாச்சி... தானாக வருகிறது. தரை கொஞ்சம்..." என்று உள்ளங்கையைச் சரித்துக் காட்டினான்.

"தரை சரிவா?"

புரோக்மான் தன் பென்சிலை எடுத்து மேடைமேல் படுக்க வைத்தார். அது ஒரு கணம் நின்று, பிறகு வாசல் பக்கமாக உருண்டு கீழே விழுந்தது. சியாமளா ஓடிப்போய்க் குனிந்து அதை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.

"நன்றி" என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டார்.

கடிதம் ஒன்பது நாளில் தபால் பெட்டிக்கு வந்தது. அன்றிரவே வந்த பாலச்சந்திரன் இந்தத் தடவை வாசிக்கும்போது பகிடி விடவில்லை. சம்பந்தப்பட்ட வாகனத்தில் வீதிப் பயணத்துக்கான கருவிகள் புதிதாகப் பொருத்தப்பட்டுள்ளன. பொருத்தியவரே அதை உறுதிப்படுத்தியுள்ளார். மேலும் வாகனம் சமதளத்தில் இல்லை. ஆகவே நிலையான வதிவிடமாகக் கொள்ள இயலாது. மனைவி ஏப்ரல் முதலாம் தேதிக்கு முன் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும்.

"எதிர்த்து எழுதலாம்" என்றார். "ஆனால் முடிவு வர ஆறு மாசம். அதுவரைக்கும் பிள்ளை அங்கதான் நிக்கவேணும் எண்டு இதிலேயே போட்டிருக்கிறான்."

"நான்தான் சொன்னனான்" என்றான் நடேசன். "என்ரை வாயாலை. ஓட்டத்துக்கு எண்டு."

"விடு."

"றப்பர் பட்டி போடச் சொன்னனீங்கள்."

"விடு எண்டுறன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை பெட்டர்சனிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனான். பச்சைச் சாயம் பூசிய நடையில் இலக்கத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் இருந்தான். புரோக்மான் அவனை அடையாளம் கண்டு எழுந்து கை கொடுத்தார்.

"அந்தப் பூட்டுகளைக் கழற்றிவிடுகிறேன்" என்றான் நடேசன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம். "இன்றைக்கே. நீங்கள் வந்து திரும்பப் பாருங்கள்."

"கழற்றினால் அங்கே ஓட்டை இருக்குமே" என்றார் புரோக்மான். குரலில் கடுமை இல்லை. "நடேசன் அவர்களே, நான் பார்த்ததை எழுதினேன். நீங்கள் சொன்னதை எழுதினேன். இல்லாததை ஒன்றும் எழுதவில்லை."

"இல்லை. எழுதவில்லை."

"ஒரு வீடு எடுங்கள். இரண்டு அறை போதும். எடுத்ததும் புது விண்ணப்பம் போடுங்கள், நானே பார்க்கிறேன்."

"எனக்கு வீடு தருகிறார்கள் இல்லை."

புரோக்மான் கைகளை மேசைமேல் விரித்துக் காட்டினார். வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த பத்து நாளில் இன்னும் ஆறு வீடுகளுக்குப் போனான். இரண்டு இடத்துக்குச் சியாமளாவும் வந்தாள். சேலையைக் கண்டால் குடும்பம் என்று தெரியும் என்றாள். ஒரு வாசலில் கிழவி ஒருத்தி அந்தச் சேலைத் துணியைத் தொட்டுப் பார்த்து, அழகு என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினாள். பெட்டர்சன், லியூபெக்கில் ஒரு பல்வைத்தியர் சிறிய வண்டி தேடுகிறார், உன்னுடையதில் இப்போது எல்லாம் புதிதாக இருக்கிறதே என்றார். மாதம் முடிய மனைவி போவதானால் சில்லுகளைப் பூட்டிவிடலாம் அல்லவா?

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி சியாமளா தன் சாமான்களைக் கட்டினாள். லாச்சிகளைக் காலியாக்கி ஈரத் துணியால் உட்புறத்தைத் துடைத்தாள்.

"தூள் போத்தலை நீங்கள் வைச்சிருங்கோ. விடுதியில சமைக்க விடுவாங்கள்தானே?"

"ஒரு அடுப்பு கிடக்கு, நாலு பேருக்கு."

"அப்ப வைச்சிருங்கோ."

"ஊரில என்னெண்டு சொல்லுவீர்?"

அவள் யோசித்தாள். "குளிர் ஒத்துவரேல்லை எண்டு சொல்லுறன். நம்புவினம்." பிறகு, "கால் நகம் விழுந்திட்டுது. அதைக் காட்டலாம். குளிரில விழுந்தது எண்டு."

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த காவலர் தேதியைச் சரிபார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, நல்லது என்று சொல்லி முத்திரை குத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள். கை காட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் அவளை நகர்த்திக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ஒரு வெளிர்மஞ்சள் கார் வெள்ளைக் கரவனை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது. காரிலிருந்து இறங்கியவர் புரோக்மான். நேரே நடேசனிடம் வந்து கை கொடுத்தார்.

"நீங்கள் காட்டியதை நான் மறக்கவில்லை. அதே மாதிரி வேண்டும். உருளைச் சட்டமும், அந்தப் பித்தளைப் பூட்டும். நாலு லாச்சி. வியாழக்கிழமை பின்னேரம் புறப்படுகிறோம், யூகோஸ்லாவியாக் கடற்கரைக்கு. முடியுமா?"

பெட்டர்சன் அலுவலக அறையிலிருந்தே "முடியும்" என்றார்.

நடேசன் புதன்கிழமை முழுவதும் அந்த வண்டிக்குள் முழங்காலில் நின்றான். லாச்சிகளைக் கழற்றினான், அச்சை ஒட்டினான், துளை போட்டான், விளிம்பைத் தேய்த்தான். யூசுஃப் இரண்டுதரம் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஒரு திருகாணியைத் தளர்த்தி விடு" என்றான் இரண்டாம் தடவை. "மலையில் ஏறும்போது நினைத்துக்கொள்ளட்டும்."

 யூசுஃப் போன பிறகு நடேசன், பூட்டிய திருகாணிகள் ஒவ்வொன்றையும் திரும்பவும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தான். ஒன்று மட்டும் இன்னும் கால் சுற்று இறுகியது.

வியாழன் மத்தியானம் புரோக்மான் மனைவியோடு வந்தார். பதினாறு, பதினேழு வயதான இரண்டு மகள்கள் காரிலேயே இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடேசன் லாச்சிகளைத் திறந்து மூடிக் காட்டினான். பெட்டர்சனின் வசனத்தை அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"உங்கள் மனைவி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாரா?" என்றார் புரோக்மான்.

"தந்தி வந்தது."

"நல்லது. அங்கே வெப்பமாக இருக்கும்." அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டவர்போல இருந்தது.

திருமதி புரோக்மான் மேல் லாச்சிக்குள் கையை விட்டுப் பின்பக்கம் வரை தடவிப் பார்த்தாள். "மெல்லிய சாமான் வைத்தால் இடுக்கால் கீழே விழாதா? போன வருடம் எல்லையில் நின்றுகொண்டு தேடினோம். பின்னால் நாற்பது கார்."

"விழாது" என்றான் நடேசன்.

"எங்கே, வைத்துக் காட்டுங்கள்."

அவள் கைப்பையைத் திறந்து, றப்பர் பட்டி போட்டுக் கட்டிய நாலு பச்சைப் பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினாள். நடேசன் வலது கையை மேற்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். லாச்சியின் முன்பக்கத்தில் அவற்றைத் தட்டையாக வைத்தான். மூடினான். பெருவிரலால் பொத்தானை அமுக்கினான்.

புரோக்மான் குனிந்து, விளிம்பில் விரல்களைக் கொடுத்து இழுத்தார். பிறகு ஒரு காலை மேடையில் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை.